பில்லியன் என்றால் எத்தனை கோடி? சொல்லும் கணக்கும்

ஒரு பில்லியன் என்பது 100 கோடி. ஒன்றுக்குப் பின்னால் ஒன்பது பூஜ்யம். இது தெரிந்தவர்களும் செய்தியை வாசிக்கும்போதோ மொழிபெயர்க்கும்போதோ தடுமாறுகிறார்கள். நம் எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல் நூறு நூறு மடங்காக ஏறுகிறது: ஆயிரம், லட்சம், கோடி. ஆங்கில எண்ணிக்கை ஆயிரம் ஆயிரம் மடங்காக ஏறுகிறது: தவுசண்ட், மில்லியன், பில்லியன், டிரில்லியன். இரண்டு ஏணிகளின் படிகளும் ஆயிரத்தில் மட்டும் சமமாக நிற்கின்றன. அதற்குமேல் மில்லியனும் கோடியும் பக்கத்துப் பக்கத்துப் படிகள்தாம், ஒரே படி அல்ல. பிழைகளில் பெரும்பாலானவை பத்து மடங்காகவோ நூறு மடங்காகவோ வருவதற்கு இதுவே காரணம்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருபவரைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் ‘பில்லியன்’ என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அது வேறு எழுத்து, வேறு ஒலி, வேறு சொல். எண்ணைக் குறிக்கும் சொல்லை ‘பிள்ளை’யின் ஒலியோடு சொல்லாமல், ‘பீரோ’வில் வரும் மெல்லிய ஒலியோடு சொல்ல வேண்டும்.

மாற்றும் முறை

மூன்று சமன்பாடுகளை மனப்பாடம் செய்துவிட்டால் போதும். மில்லியன் 10 லட்சம். பில்லியன் 100 கோடி. டிரில்லியன் 1 லட்சம் கோடி. மற்ற எல்லாவற்றையும் இவற்றிலிருந்தே எடுத்துவிடலாம்.

பில்லியனைக் கோடியாக்க, புள்ளியை வலப்பக்கம் இரண்டு இடம் நகர்த்துங்கள். 1.4 பில்லியன் 140 கோடி. 13.8 பில்லியன் 1,380 கோடி. 0.75 பில்லியன் 75 கோடி. மில்லியனைக் கோடியாக்கப் புள்ளியை இடப்பக்கம் ஓரிடம் நகர்த்துங்கள். 250 மில்லியன் 25 கோடி. 72 மில்லியன் 7.2 கோடி. 8 மில்லியன் 0.8 கோடி, அதாவது 80 லட்சம். டிரில்லியனில் புள்ளி நகர்வதே இல்லை. சொல் மட்டும் மாறுகிறது. 5 டிரில்லியன் 5 லட்சம் கோடி.

திசையில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். பில்லியனுக்கு வலம், மில்லியனுக்கு இடம். சந்தேகம் வந்தால் தெரிந்த ஓர் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். உலக மக்கள்தொகை 8 பில்லியனை எட்டியதாக ஐ.நா. குறித்த நாள் 2022 நவம்பர் 15. அது 800 கோடி. பூமியிலிருந்து சூரியன் ஏறத்தாழ 150 மில்லியன் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அது 15 கோடி. இந்த இரண்டையும் ஒருமுறை பதிய வைத்துக்கொண்டால், ‘150 மில்லியன் என்றால் 1,500 கோடி’ என்று கை எழுதப் போகும்போதே கண் தடுத்துவிடும்.

பூஜ்யங்களை எண்ணி மாற்றுவது நம்பகமான முறை அல்ல. ஒன்பதா, எட்டா என்று எண்ணும் கண் களைத்துவிடும். ஆனால் முழு எண்ணும் கமாவோடு வந்தால் வேறு வழியில்லை. அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகை ஆங்கில முறையில் 1,210,854,977. முதலில் கமாக்களை எல்லாம் எடுத்துவிடுங்கள்: 1210854977. வலது ஓரத்திலிருந்து மூன்று இலக்கம் ஒதுக்கிக் கமா போடுங்கள்: 977. அதற்குப் பிறகு இரண்டிரண்டாக: 54, 08, 21. மிஞ்சியது 1. சேர்த்தால் 1,21,08,54,977. இப்போது வாய்விட்டுப் படிக்கலாம்: 121 கோடியே 8 லட்சத்து 54 ஆயிரத்து 977. நடுவில் வரும் ‘08’-ஐ வெறும் 8 ஆக்கிவிட்டால் ஓர் இலக்கம் குறைந்து எண் பத்தில் ஒன்றாகிவிடும். கமாக்களை எடுக்காமல் இருக்கிற இடத்திலேயே தள்ளித் தள்ளிப் பார்ப்பவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் நேர்கிறது.

ஒரே அட்டவணையில் இரண்டு அளவு

யுபிஐ பரிவர்த்தனைகளின் மாதக் கணக்கை, யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ வெளியிடுகிறது. அதில் எண்ணிக்கை மில்லியனில் இருக்கும். தொகை கோடியில் இருக்கும். 2023 ஆகஸ்டில்தான் முதல்முறையாக ஒரே மாதத்தில் 10 பில்லியன் பரிவர்த்தனைகள் தாண்டின. எண்ணிக்கை சுமார் 10,586 மில்லியன். தொகை சுமார் 15,76,000 கோடி ரூபாய்.

ஒரு பரிவர்த்தனைக்குச் சராசரி எவ்வளவு என்று பார்க்க, இரண்டு எண்களையும் அப்படியே வகுத்தால் 149 ரூபாய் வரும். டீக்கடை, காய்கறிக்கடை எல்லாம் யுபிஐயில் நடக்கும் காலத்தில் 149 ரூபாய் என்பது நம்பும்படியாகவே தோன்றும். ஆனால் தப்பு. மில்லியனைக் கோடியாக்கிவிட்டு வகுக்க வேண்டும்: 10,586 மில்லியன் என்பது 1,058.6 கோடி. 15,76,000-ஐ 1,058.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,490 ரூபாய். வாடகையும் பெரிய கடைகளின் பில்லும் ஒருவருக்கொருவர் அனுப்பும் பணமும் சேர்ந்துதான் சராசரியை அவ்வளவு மேலே இழுக்கின்றன.

விடை அபத்தமாக இருந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். நம்பும்படியாக இருக்கும் தப்பான விடைதான் அச்சேறி விடுகிறது. எனவே எந்தக் கணக்குக்கும் முன் எல்லா எண்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். தமிழில் எழுதுவதாக இருந்தால் கோடிக்கு.

டாலரில் வந்தால்

டாலர் கணக்கில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக வருகின்றன: பில்லியனைக் கோடியாக்குவது, டாலரை ரூபாயாக்குவது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யும்போது பூஜ்யம் நழுவுகிறது. அன்றைய டாலர் மதிப்பை எடுத்துக்கொண்டு இப்படிச் செய்யுங்கள். மில்லியன் டாலர் என்றால் அந்த மதிப்பில் பத்தில் ஒரு பங்கு, கோடி ரூபாயில். பில்லியன் டாலர் என்றால் அந்த மதிப்பைப் போல நூறு மடங்கு, கோடி ரூபாயில். டிரில்லியன் டாலர் என்றால் அதே மதிப்பு, லட்சம் கோடி ரூபாயில்.

ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மில்லியன் டாலர் 8.5 கோடி ரூபாய்; பில்லியன் டாலர் 8,500 கோடி ரூபாய்; டிரில்லியன் டாலர் 85 லட்சம் கோடி ரூபாய். தமிழ்நாடு 2030-க்குள் எட்ட நினைக்கும் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம் என்பது இந்தக் கணக்கில் 85 லட்சம் கோடி ரூபாய்.

மாற்றியபின் தேவையில்லாத துல்லியம் சேர்க்காதீர்கள். ‘ஒரு பில்லியன் டாலர் முதலீடு’ என்று செய்தி சொல்வது முழுமையாக்கிய எண். அதை ‘8,537 கோடியே 42 லட்சம் ரூபாய்’ என்று எழுதினால், மூலத்தில் யாரும் சொல்லாத ஒரு தகவலை நாம் புகுத்துகிறோம். ‘சுமார் 8,500 கோடி ரூபாய்’ என்பதே நேர்மையான மாற்றம்.

பிறகு ஒரு சோதனை: தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி 7.21 கோடிப் பேர். பில்லியன் டாலரை அவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 1,180 ரூபாய். உங்கள் கணக்கில் தலைக்கு 12 ரூபாயோ ஒரு லட்சமோ வந்தால் எங்கோ பூஜ்யம் தவறியிருக்கிறது.

இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் மில்லியன், பில்லியன் என்றே அச்சிடுகிறார்கள். தமிழகச் செய்திகளில் கோடி. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு ஒப்புதல் அளித்த கடன் ஏறத்தாழ 3 பில்லியன் டாலர்; தமிழக வாசகருக்கு அது 300 கோடி டாலர். இலங்கைச் செய்தியைத் தமிழகத்துக்காகத் திருத்தும்போது எண்ணை மட்டும் மாற்றினால் போதாது, எந்த ரூபாய் என்பதையும் எழுத வேண்டும். ‘500 மில்லியன் ரூபா’ என்பதை ‘50 கோடி ரூபாய்’ என்று விட்டுவிட்டால் படிப்பவர் இந்திய ரூபாயாகவே எடுத்துக்கொள்வார்.

ஆங்கிலத்தில் எழுதும்போது

எண்ணோ ‘செவரல்’, ‘எ ஃபியூ’ போன்ற சொல்லோ முன்னால் இருந்தால் பில்லியனுக்குப் பன்மை கிடையாது. ‘டூ பில்லியன் ருபீஸ்’ சரி. ‘டூ பில்லியன்ஸ் ருபீஸ்’ தவறு. அதே இடத்தில் ‘ஆஃப்’ போடுவதும் தவறு: ‘டூ பில்லியன் ஆஃப் பீப்பிள்’ என்று சொல்வதில்லை, ‘டூ பில்லியன் பீப்பிள்’தான். முன்னால் எண் இல்லாமல் ‘ஏராளம்’ என்ற பொருளில் வரும்போது மட்டும் பன்மையும் ‘ஆஃப்’பும் சேர்ந்து வருகின்றன: ‘பில்லியன்ஸ் ஆஃப் டாலர்ஸ்’. தமிழில் ‘இரண்டு கோடி’ என்கிறோம், ‘இரண்டு கோடிகள்’ என்பதில்லை. ‘கோடிக்கணக்கான’ என்று வேறு உருவம் எடுக்கிறோம். ஏறக்குறைய அதே பழக்கம்தான்.

டாலர் குறியை முன்னால் போட்டுவிட்டால் பின்னால் ‘டாலர்ஸ்’ வேண்டாம். குறியோடு எழுதியதை வாய்விட்டுப் படிக்கும்போது டாலர் என்ற சொல் பில்லியனுக்குப் பிறகு வரும்: ‘ஃபைவ் பில்லியன் டாலர்ஸ்’. அதுவே இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு அடையானால் டாலரும் ஒருமையாகிவிடுகிறது: ‘எ ஃபைவ் பில்லியன் டாலர் ப்ராஜெக்ட்’. வினையில் ஒரு வேறுபாடு உண்டு. பணத்தை ஒரே தொகையாகப் பார்ப்பதால் ‘டூ பில்லியன் டாலர்ஸ் இஸ்’. ஆட்கள் தனித்தனி என்பதால் ‘டூ பில்லியன் பீப்பிள் ஆர்’.

‘ஹாஃப் எ பில்லியன்’ 50 கோடி. ‘எ குவார்ட்டர் ஆஃப் எ பில்லியன்’ 25 கோடி. ‘ஒன் அண்ட் எ ஹாஃப் பில்லியன்’ 150 கோடி. இந்தக் கடைசியை நம் ‘ஒன்றரை’யோடு குழப்பி ‘ஒன்றரைக் கோடி’ என்று எழுதுவதைப் பார்க்கலாம். அளவுச் சொல்லை விட்டுவிட்டு ‘ஒன்றரை’யை மட்டும் பிடித்துக்கொள்வதால் வரும் நூறு மடங்குப் பிழை அது.

தோராயமான தொகைகள்

மொழிபெயர்ப்பாளரை மிகவும் சோதிப்பவை திட்டவட்டமான எண்களல்ல, தோராயங்கள். ‘டென்ஸ் ஆஃப் பில்லியன்ஸ்’ என்பதைப் ‘பத்துப் பில்லியன் கணக்கான’ என்று சொல்லுக்குச் சொல் எழுதினால் படிப்பவருக்கு எந்த அளவும் மனதில் எழாது. எல்லையைக் கணக்கிட்டுவிட்டுத் தமிழில் இயல்பாக வரும் சொல்லைப் போட வேண்டும்.

‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் தவுசண்ட்ஸ்’ என்றால் லட்சக்கணக்கான. ‘மில்லியன்ஸ்’ என்றால் பல பத்து லட்சம்; பெரும்பாலான இடங்களில் இதற்கும் லட்சக்கணக்கான என்பதே பொருந்தும். ‘டென்ஸ் ஆஃப் மில்லியன்ஸ்’ ஒரு கோடியிலிருந்து பத்துக் கோடிக்குள் அடங்கும். கோடிக்கணக்கான என்பது அச்சாகப் பொருந்தும். ‘பில்லியன்ஸ்’ பல நூறு கோடி. ‘டென்ஸ் ஆஃப் பில்லியன்ஸ்’ ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் கோடிக்குள், ஆயிரக்கணக்கான கோடி. ‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பில்லியன்ஸ்’ பத்தாயிரம் கோடியிலிருந்து லட்சம் கோடிக்குள், பல்லாயிரம் கோடி. ‘பில்லியன்ஸ்’ என்று கண்டதும் ‘கோடிக்கணக்கான’ என்று போடும் பழக்கம் மிகப் பரவலாக இருக்கிறது. அது பொய்யல்ல, ஆனால் நூறு மடங்கு சுருக்கிவிடுகிறது.

இதே கோளாறுதான் ‘பில்லியனர்’ என்ற சொல்லிலும். அதைக் ‘கோடீஸ்வரர்’ என்று எழுதுகிறோம். சென்னையில் சொந்த வீடு இருக்கும் நடுத்தரக் குடும்பத்தின் சொத்தே இன்று ஒரு கோடியைத் தொட்டுவிடும். உலகப் பணக்காரர் பட்டியலில் வரும் பில்லியனர் என்பவர் குறைந்தது 100 கோடி டாலர், அதாவது ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் சொத்துள்ளவர். இருவருக்கும் ஒரே சொல் என்றால் ஏற்றத்தாழ்வைப் பற்றிய கட்டுரையின் பொருளே கெட்டுப்போகும். ‘100 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ளவர்’ என்று முதல் இடத்தில் விரித்து எழுதிவிட்டு, பிறகு ‘பில்லியனர்’ என்றே தொடர்வது நல்லது.

அளவு மனதில் தங்க ஒரு வழி: நொடியாக மாற்றிப் பாருங்கள். ஒரு மில்லியன் நொடி பதினொன்றரை நாள். ஒரு பில்லியன் நொடி 31 ஆண்டுக்கும் மேல், ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து கல்யாணமும் ஆகிவிடும் காலம்.

எல்லா பில்லியனும் ஒன்றல்ல

இதுவரை சொன்னது இன்றைய ஆங்கிலத்துக்கு. பழைய பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் இன்றைய பல ஐரோப்பிய மொழிகளிலும் இதே சொல்லுக்கு ஆயிரம் மடங்கு பெரிய பொருள் உண்டு: மில்லியன் மில்லியன், அதாவது லட்சம் கோடி. உண்மையில் அதுதான் முந்தைய பொருள். ‘மில்லியன்’ இத்தாலிய மொழியில் ‘பெரிய ஆயிரம்’ என்ற பொருளில் பிறந்த சொல். 1484-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் நிக்கொலா ஷுக்கே அதன்மேல் ஒரு வரிசை கட்டினார். ‘பி’ என்றால் இரண்டு. மில்லியனை இரண்டு முறை பெருக்கினால் பில்லியன். ‘ட்ரி’ என்றால் மூன்று. மூன்று முறை பெருக்கினால் டிரில்லியன். பிற்பாடு பிரான்சிலேயே ஆயிரம் ஆயிரமாக ஏறும் இன்னொரு முறை கிளம்பியது. அமெரிக்கா அதை எடுத்துக்கொண்டது. பிரிட்டன் பழைய முறையிலேயே நின்றது. பிரான்ஸ் 1961-இல் பழைய முறைக்கே அதிகாரபூர்வமாகத் திரும்பிவிட்டது. பிரிட்டனில் 1974 டிசம்பர் 20 அன்று பிரதமர் ஹரால்ட் வில்சன் நாடாளுமன்றத்தில் அளித்த எழுத்துப்பூர்வ பதிலில், அமைச்சர்கள் பில்லியன் என்றால் ஆயிரம் மில்லியன் என்ற பொருளிலேயே பயன்படுத்துவார்கள் என்று தெளிவாக்கினார்.

எனவே 1974-க்கு முந்தைய பிரிட்டிஷ் நூலை மொழிபெயர்க்கும்போது நின்று பார்க்க வேண்டும். அதே நூலில் ‘தவுசண்ட் மில்லியன்’ என்ற தொடர் வேறெங்காவது வந்தால், ஆசிரியர் 100 கோடியை அப்படித்தான் சொல்கிறார் என்று பொருள். அவருடைய பில்லியன் பெரும்பாலும் லட்சம் கோடி. அத்தொடர் வராவிட்டால், அவர் சொல்லும் அளவுகளில் நமக்கு வேறு வழியில் தெரிந்த ஒன்றை, ஒரு தூரத்தையோ மக்கள்தொகையையோ, பிடித்து ஒப்பிடுங்கள்.

ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே ஆகிய நாடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது பழங்கதை அல்ல, பள்ளிப்பாடம். அங்கே 100 கோடிக்கு ‘மில்லியார்ட்’ என்று தனிச் சொல் இருக்கிறது. உச்சரிப்பு மட்டும் மொழிக்கு மொழி சற்று மாறும். அவர்கள் பாடப்புத்தகத்தில் பில்லியன் என்று கண்டால் அது லட்சம் கோடி. 1923 நவம்பரில் ஜெர்மனியின் பணவீக்கத்தை நிறுத்த வந்த புதிய ரெண்டன்மார்க் ஒன்றுக்குப் பழைய மார்க் எத்தனை என்று கேட்டால், ஜெர்மன் நூல் ‘ஒரு பில்லியன்’ என்று சொல்லும். ஆங்கில நூல் ‘ஒரு டிரில்லியன்’ என்று சொல்லும். இரண்டும் ஒரே எண்: லட்சம் கோடி. ஜெர்மன் மூலத்திலிருந்து ‘100 கோடி மார்க்’ என்று தமிழாக்கினால் ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். வீட்டில் தமிழில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர், பிள்ளைக்குக் கோடியைத் தாண்டிய எண்ணைக் கோடியிலேயே விளக்கிவிட்டால் எந்த மொழிப் புத்தகத்தோடும் மோதாது.

சுருக்கங்களும் தலைப்பு வரியும்

‘பிஎன்’ என்றால் பில்லியன், ‘எம்என்’ மில்லியன், ‘டிஎன்’ டிரில்லியன். தனி ‘எம்’ பெரும்பாலும் மில்லியன்தான். ஆனால் அமெரிக்கக் கணக்காளர்கள் சிலர் ரோமன் எண் வழக்கப்படி ‘எம்’மை ஆயிரத்துக்கும், ‘எம்எம்’ என்று இரட்டித்ததை மில்லியனுக்கும் வைத்திருக்கிறார்கள். ‘எம்எம்’ கண்ணில் பட்டால் அந்த ஆவணத்தில் தனி ‘எம்’ ஆயிரமாக இருக்கக்கூடும் என்று எச்சரிக்கையாகுங்கள்.

இந்திய நிறுவனங்களின் நிதியறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் எதுவும் இருக்காது. அளவு பக்கத்தின் தலைப்பில், சிறிய எழுத்தில் இருக்கும். 2013 கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, மொத்த வருமானம் 100 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் லட்சம், மில்லியன், கோடி ஆகிய மூன்றில் எதிலும் எழுதலாம். எதை எடுத்தாலும் அறிக்கை முழுவதும் அதே அளவு இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் தேர்வு மாறுவதால், விப்ரோ அறிக்கை மில்லியன் ரூபாயில் வருகிறது, இன்ஃபோசிஸ் அறிக்கை கோடி ரூபாயில் வருகிறது. இரண்டையும் அருகருகே வைத்து எண்ணை மட்டும் ஒப்பிடுபவர் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாகப் பார்ப்பார். முதலில் தலைப்பு வரி, பிறகு எண்.

கணினியில் எக்செல் ஆயிரம் ஆயிரமாகக் கமா போட்டுத் தொந்தரவு செய்தால், விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதிக்குப் போய், கூடுதல் அமைப்புகளில் இலக்கக் குழு என்ற இடத்தில் 12,34,56,789 என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். எக்செலை மூடித் திறந்தால் லட்சம், கோடிக் கமா வந்துவிடும். அதே கோப்பை வெளிநாட்டில் ஒருவர் திறந்தால் அவர் கணினியின் அமைப்புப்படிதான் அவருக்குத் தெரியும். எண் மாறாது, கமா மட்டுமே மாறும்.

தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் வரும் ‘பிபிபி’யும் இந்தச் சொல்தான்: ‘பார்ட்ஸ் பெர் பில்லியன்’, 100 கோடியில் ஒரு பங்கு. தண்ணீரில் 1 பிபிபி என்றால் ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஆயிரம் லிட்டர் மொட்டைமாடித் தொட்டியில் 1 மில்லிகிராம் கரைந்திருப்பது போல. குடிநீரில் ஆர்சனிக்குக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 பிபிபி. ‘பிபிஎம்’ என்பது மில்லியனில் ஒரு பங்கு, பிபிபியைவிட ஆயிரம் மடங்கு பெரிய அளவு. எனவே ஆய்வகத் தாளில் ஆர்சனிக் ‘10’ என்று இருந்தால், பக்கத்தில் இருப்பது பிபிபியா பிபிஎம்மா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.